ஒவ்வொரு உலகிலும் அரக்கரே வெல்வது ஏன்?

கிருஷ்ணகிரியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருப்பது இது: மலை, ஆறு, காடு, ஊர் எல்லாவற்றையும் கணினியே உருவாக்கிக்கொள்ளும் கற்பனை உலகம் ஒன்றில், நான்கு இனங்களை 300 ஆண்டுகள் வாழவிட்டுப் பார்க்கும் விளையாட்டை எழுதிவருகிறேன். சமவெளி மனிதர், மலைக்குடி, காட்டுக்குடி, அரக்கர் என்பவை அந்த நான்கு. உலகத்தை உருவாக்கக் கணினிக்குக் கொடுக்கும் தொடக்க எண்ணான சீட் எண் எதைக் கொடுத்தாலும் அரக்கர்களே உலகை விழுங்கிவிடுகின்றனர். அவர்களுடைய தாக்கும் வலிமையை 20 சதவீதம் குறைத்தேன். மற்றவர்களின் அழிவு கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். 40 சதவீதம் குறைத்தேன். இப்போது மனிதர்கள் எல்லோரையும் விழுங்குகின்றனர். நான்கு இனங்களையும் எப்படிச் சமநிலையில் நிறுத்துவது?

தம்பி, உங்கள் கேள்வியிலேயே ஒரு திருத்தம் செய்துகொண்டு தொடங்குகிறேன். ஒரே உலகத்துக்குள் நான்கு இனங்களும் 300ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள். அது நடந்தால் உங்கள் விளையாட்டு செத்துப்போகும். யாரும் யாரையும் வெல்லாத உலகத்தில் வரலாறு என்று சொல்ல எதுவுமே இருக்காது. ஓர் உலகத்தில் அரக்கர்கள் எல்லோரையும் அழித்துவிட்டால் அது குறையன்று. 100 உலகங்களை உருவாக்கினால் 95இல் அவர்களே அழிக்கிறார்கள் என்பதும், அந்த 95இலும் ஒரே காரணத்தால், ஏறக்குறைய ஒரே ஆண்டில் அழிக்கிறார்கள் என்பதும்தான் குறை. ஆகவே சமநிலையைத் தேட வேண்டிய இடம் ஓர் உலகத்தின் உள்ளே அன்று, உலகங்களுக்கு இடையே. இதை ஒப்புக்கொண்டால், வலிமை எண்ணைக் கூட்டிக் குறைப்பது ஏன் பயன்படவில்லை என்பதும் தானாகப் புரியும்.

நீங்கள் அனுப்பியிருந்த அமைப்புக் கோப்பில் அரக்கரின் மக்கள்தொகை ஆண்டுக்கு 1.5 சதவீதமும் மனிதருடையது 1.2 சதவீதமும் வளர்கின்றன. பார்வைக்கு அற்ப வேறுபாடு. ஆனால் 300 ஆண்டுகளில் முதலாவது 87 மடங்காகவும் இரண்டாவது 36 மடங்காகவும் பெருகும். சமமாகத் தொடங்கிய இரு இனங்களில் ஒன்று மற்றொன்றைப்போல் 2.4 மடங்கு ஆகிவிடுகிறது. இதன்மேல் உங்கள் போர்க்கணக்கு வந்து உட்காருகிறது. ஒவ்வொரு வீரனும் எதிரியின் எந்த வீரனையும் தாக்கலாம் என்று நீங்கள் எழுதியிருப்பதால், ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1916இல் எழுதிய சதுர விதி உங்களை அறியாமலேயே உங்கள் நிரலுக்குள் நுழைந்துவிட்டது. அந்த விதிப்படி ஒரு படையின் மொத்த ஆற்றல், தனி வீரனின் திறனை ஆள் எண்ணிக்கையின் சதுரத்தால் பெருக்கினால் கிடைப்பது. சமத் திறனுள்ள 200 பேரும் 100 பேரும் இறுதிவரை மோதினால், 100 பேரும் மடியும்போது எதிர்ப்பக்கத்தில் 173 பேர் உயிரோடு இருப்பார்கள். வெறும் 27 பேரை இழந்து ஒரு படையையே துடைத்துவிட முடிகிறது.

இப்போது நீங்கள் செய்த மாற்றத்தை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஒருவருடைய வலிமையை 20 சதவீதம் குறைத்தால், அதை ஈடுகட்ட அவருக்கு 12 சதவீதம் கூடுதல் ஆட்கள் போதும். உங்கள் வளர்ச்சி விகிதங்களில் அந்தக் கூடுதல் 38 ஆண்டுகளில் வந்துவிடும். அதாவது அரக்கர்களை நீங்கள் தடுக்கவில்லை, 38 ஆண்டுகள் காத்திருக்கச் செய்தீர்கள். 40 சதவீதம் குறைத்தபோது அவர்களுக்கு 86 ஆண்டுகள் தேவைப்பட்டன. அதற்குள் மனிதர்கள் முந்திக்கொண்டு அவர்களை முடித்துவிட்டார்கள். இடையில் 31, 32, 33 என்று எந்த எண்ணைத் தேடினாலும் இதுவேதான் நடக்கும். நம் ஊர்ப் பக்கத்துப் பாறைக் குன்றுகளின் உச்சியில் உருண்டைக் கல் ஒன்று விழாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு வகைச் சமநிலைதான். ஆனால் ஒரு விரல் தள்ளினால் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கத்தின் அடிவாரத்துக்கே போய்ச் சேரும். நிலம் கூடினால் தானியம் கூடும், தானியம் கூடினால் ஆள் கூடும், ஆள் கூடினால் நிலம் கூடும் என்ற சுழற்சி மட்டுமே உள்ள உலகம் அந்தக் குன்றின் உச்சி. உங்களுக்குத் தேவை கிண்ணம். அதில் கல் எங்கே உருண்டாலும் விலக விலக அதைப் பின்னுக்கு இழுக்கும் சரிவு ஒன்று இருக்கும். வெற்றிக்கு விலை வைப்பது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அந்த விலைகளை எங்கெங்கே வைப்பது என்பதுதான் இந்தப் பதிலின் மீதி முழுவதும்.

இந்த நோய் உங்கள் நிரலுக்கு மட்டும் உரியதன்று. இத்துறையின் மூத்த படைப்பான டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்ஸும் இதை நன்றாக அறியும். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2002இல் தொடங்கி, 2006இல் முதன்முதலாக வெளியிட்டு, இன்றுவரை வளர்த்துவரும் விளையாட்டு அது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்ட விளையாட்டுகளுள் ஒன்று. 2022 டிசம்பரில் ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்துக்கும் வந்தது. அதில் குள்ளர்கள் 150 முதல் 170 ஆண்டுகளும் மனிதர்கள் 60 முதல் 120 ஆண்டுகளும் வாழ்கிறார்கள். எல்ஃபுகள் என்ற காட்டுவாசிகளுக்கும் காப்லின்கள் என்ற அரக்க இனத்துக்கும் முதுமைச் சாவே இல்லை. காப்லின்களுக்கு உணவும் நீரும்கூடத் தேவையில்லை. பசியும் இல்லை, மூப்பும் இல்லை என்றால் அந்த இனத்தைக் குறைக்கக் கத்தியைத் தவிர வேறு வழி இல்லை. எனவே நீண்ட வரலாறுகளை ஓடவிடும்போது காப்லின்கள் பெருகிப் பரவி நிற்பதும், குள்ளர் அரசுகள் தேய்ந்து மறைவதும் அந்த விளையாட்டின் பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் பழகிய காட்சி. வரலாற்றைக் குறைந்த ஆண்டுகளிலேயே நிறுத்திவிடுவதுதான் பலர் கையாளும் மருந்து. எனக்கு அது மருந்தாகத் தெரியவில்லை. காய்ச்சல் ஏறுவதற்குள் வெப்பமானியை எடுத்துவிடுவது போன்றது. ஆனால் அதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. காப்லின்களின் கத்தி கூர்மையானது என்பது அங்கே சிக்கல் அன்று. மற்ற எல்லோரும் செலுத்தும் ஏதோ ஒரு விலையை அவர்கள் செலுத்துவதில்லை என்பதே சிக்கல். உங்கள் அரக்கர்களும் அறுவடை குறைந்த ஆண்டில் சாவதில்லை என்பதைக் கோப்பில் பார்த்தேன்.

முதல் விலை நிலம். நீங்கள் மலைக்கட்டத்தில் படை நகர இரு மடங்கு நாள் ஆகும் என்று மட்டும் வைத்திருக்கிறீர்கள். அது போதாது, மலை நகர்வைத் தாமதப்படுத்துவதைவிட, எண்ணிக்கையின் பயனைப் பறிப்பதுதான் அதன் உண்மையான வேலை. ஒரு கணவாயில் ஒரே நேரத்தில் 40 பேர்தான் முன்வரிசையில் நிற்க முடியும் என்றால், பின்னால் 4,000 பேர் நின்றாலும் சண்டையிடுபவர்கள் 40 பேரே. அப்போது சதுர விதி உடைந்து, லான்செஸ்டரே சொன்ன நேர்கோட்டு விதி வந்துவிடுகிறது. 200 பேர் 100 பேரோடு மோதினால் 173 பேருக்குப் பதிலாக 100 பேரே மிஞ்சுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்வரிசை அகலம் என்று ஓர் எண்ணை வையுங்கள்: சமவெளிக்கு 500, காட்டுக்கு 120, கணவாய்க்கு 40, குன்றுக்கோட்டைக்கு 15. போர்க்கணக்கில் படையின் அளவு வரும் இடத்தில், படையின் அளவு, முன்வரிசை அகலம் ஆகிய இரண்டில் எது சிறியதோ அதை இடுங்கள். ஒரே வரி மாற்றம். என் அனுபவத்தில் வேறு எந்த மாற்றமும் இத்தனை பலன் தந்ததில்லை, ஏனெனில் இது எந்த இனத்துக்கும் சலுகை காட்டுவதில்லை. சிறியவர்களுக்கு ஒளிந்துகொள்ள இடம் மட்டும் தருகிறது.

நீங்கள் கிருஷ்ணகிரியில் இருப்பதால் இதற்கு உதாரணம் தேட உங்கள் ஊர் மலையைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 நவம்பரில், திப்பு சுல்தானை எதிர்த்து மாக்ஸ்வெல் தலைமையில் வந்த கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, அடிவாரத்துப் பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்தது; ஆனால் மேல்கோட்டையை ஏற முடியாமல் திரும்பியது. ஆள் குறைவால் வந்த தோல்வி அன்று அது. செங்குத்துப் பாறையில் ஏறும் பாதை தந்த முன்வரிசை அகலத்தால் வந்த தோல்வி. பாராமகால் என்ற இந்தப் பகுதி நுளம்பர், சோழர், ஒய்சளர், விசயநகரத்தார், மைசூரார் என்று பல கைகள் மாறியிருக்கிறது. பெரிய அரசுகளின் மையம் எதற்கும் அருகில் இல்லாமல், எல்லாவற்றின் விளிம்பிலும் இருக்கும் கரடுமுரடான நாடு இப்படித்தான் நடந்துகொள்ளும். உங்கள் வரைபடத்தை உருவாக்கும்போது இத்தகைய விளிம்பு நாடுகள் குறைந்தது இரண்டாவது விழுந்திருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் அந்த உலகத்தைத் தள்ளிவிட்டு அடுத்ததை உருவாக்கச் சொல்லுங்கள். டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்ஸும் தன் நிபந்தனைகளுக்கு உட்படாத உலகங்களைத் தள்ளிக்கொண்டே போய்த்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது.

இரண்டாவது விலை தொலைவு, அதாவது சோறு. அதே போரின் கதையைக் கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பாருங்கள். 1791 மே மாதம் கும்பினிப் படையை நடத்திய காரன்வாலிஸ், திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை வந்துவிட்டு, களத்தில் வென்றும், தானியமும் காளைகளும் தீர்ந்துபோனதால் தன் பெரிய பீரங்கிகளைத் தானே சிதைத்துவிட்டுப் பின்வாங்கினார். அடுத்த ஆண்டு அதே பகைவரை நோக்கி மீண்டும் போனபோது, லம்பாடிப் பொதிமாட்டு வணிகர்கள் ஆயிரக்கணக்கான காளைகளில் தானியம் கொண்டுவந்து சேர்த்தார்கள். இம்முறை திப்பு உடன்படிக்கைக்கு வர நேர்ந்தது. படையின் வலிமை எண்ணைவிடப் பொதிமாட்டின் எண்ணிக்கை முடிவை மாற்றியிருக்கிறது. விளையாட்டில் இதை எழுதுவது கடினமன்று: தலைநகரிலிருந்து ஒவ்வொரு கட்டம் விலகும்போதும் அனுப்பிய தானியத்தில் ஒரு பங்கு வழியிலேயே தின்னப்பட்டுப் போகட்டும், ஏனெனில் சுமக்கும் மாடும் தின்னத்தான் செய்யும். ஒரு கட்டத்துக்கு 4 சதவீதம் என்று வைத்தால், 17 கட்டங்களுக்கு அப்பால் பாதிதான் போய்ச் சேரும். ஆற்றோரக் கட்டங்களில் அந்தப் பங்கை 1 சதவீதமாக்கினால், ஆறுகள் தாமாகவே பேரரசுகளின் முதுகெலும்பாகிவிடும். இப்படிச் செய்தபின் ஒரு பேரரசு எவ்வளவு பெரிதாகலாம் என்று நீங்கள் உச்சவரம்பு விதிக்க வேண்டியதே இல்லை. ஒவ்வொரு வரைபடத்திலும் அந்த எல்லை வேறு இடத்தில், வேறு வடிவில் தானே விழும்.

உச்சவரம்பு என்றதும் சொல்லிவிடுகிறேன்: ஓர் இனத்துக்கு 10,000 பேருக்கு மேல் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகளை நான் கணினியின் நினைவகத்தைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே பயன்படுத்துவேன், சமநிலைக்கு ஒருபோதும் அன்று. எல்லோரும் உச்சத்தைத் தொட்டபின் உலகம் உறைந்து நிற்கும். அதைவிட மோசமானது, தோற்கும் இனத்துக்கு மறைவாகக் கைகொடுப்பது. மூன்றாவது முறை அதே அதிசயம் நடக்கும்போது ஆட்டக்காரர் மோப்பம் பிடித்துவிடுவார். அதன்பின் நேர்மையாக நடந்த திருப்பத்தைக்கூட நம்பமாட்டார். 2010இல் வந்த சிவிலைசேஷன் 5 என்ற விளையாட்டு, நகரங்கள் கூடக் கூட மக்களின் மகிழ்ச்சி குறையும் என்று வெளிப்படையாகவே விதித்தது. அது கண்ணுக்குத் தெரியும் விலை என்பதால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் எந்த வரைபடத்திலும் ஒரே அளவில் பிரேக் போடுவதால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

தானியத்தைப் பற்றி இன்னும் ஒன்று. நான்கு இனங்களுக்கும் ஒரே உணவு எண் கொடுத்திருக்கிறீர்கள். தருமபுரிப் பக்கம் பிறந்த யாருக்கும் நெல்லும் கேழ்வரகும் ஒரே பொருள் அல்ல என்பது தெரியும். கேழ்வரகை நன்றாக உலர்த்திச் சேமித்தால் ஆண்டுக்கணக்கில் பூச்சி அரிக்காமல் இருக்கும். மழை பொய்த்த ஆண்டைத் தாண்டவைப்பது அதுதான். மனிதர்களுக்கு விளைச்சல் மிகுந்து ஓராண்டில் கெடும் பயிரையும், மலைக்குடிக்கு விளைச்சல் பாதியாக இருந்து எட்டு ஆண்டு தாங்கும் பயிரையும் கொடுத்துப் பாருங்கள். நல்ல மழைக்காலத்தில் மனிதர்கள் பெருகி மலையை நெருக்குவார்கள். தொடர்ந்து மூன்று பஞ்சம் வந்தால் மலைக்குடி இறங்கிவந்து காலியான ஊர்களை எடுத்துக்கொள்ளும். யாருக்கு எந்தக் காலம் சாதகம் என்பது மழையின் சீட் எண்ணைப் பொறுத்தது. இரு இனங்களையும் சமமாக்காமலேயே உலகங்களுக்கு இடையே சமநிலை வருகிறது.

அடுத்தது போரின் நோக்கம். உங்கள் நிரலில் போர் என்றாலே ஊரைப் பிடிப்பது, பிடித்தால் பழைய குடிகளை அழிப்பது என்ற ஒரே வகைதான் உண்டு. நம் இலக்கணமே இதைவிட நுட்பமானது. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை, மண் கொள்ளப் படையெடுப்பது வஞ்சி, கோட்டையை வளைப்பது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி, களம் குறித்துப் பொருவது தும்பை என்று தொல்காப்பிய மரபும் அதன் பின்வந்தவையும் போரைப் பிரித்துவைத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு, கிடைப்பது வேறு, நிற்கும் புள்ளி வேறு. தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பார்த்தால், ‘தொறு’, அதாவது மாட்டுமந்தை, கவரவந்தவரோடு பொருதோ தொறு மீட்டோ செத்தவர்களின் கற்கள் எத்தனை என்பது வியப்பைத் தரும். அக்காலத்து எல்லைநாட்டின் அன்றாடப் போர் என்பது பெரும்பாலும் மாட்டுக்காக நடந்தது. நாடுகள் அதில் அழியவில்லை. உங்கள் உலகத்திலும் பத்தில் எட்டுப் போர்கள் வெட்சியாக இருக்கட்டும். அவை பெரியவனின் செல்வத்தைச் சிறியவனிடம் கொஞ்சம் கொண்டுசேர்க்கின்றன, ஏனெனில் கவர்வதற்கு மாடு பெரியவனிடம்தான் மிகுதி. நான் மேலே சொன்ன கிண்ணத்தின் சரிவு இது. தவிர, ஒவ்வொரு வெட்சியிலும் செத்தவனுக்கு வரைபடத்தில் ஒரு கல் நட்டுவைத்தால், 300 ஆண்டு கழித்து அங்கே நடந்துபோகும் ஆட்டக்காரர் படிக்க ஏதோ ஒன்று இருக்கும்.

வஞ்சிப் போரிலும் வென்றவுடன் எல்லாம் வென்றவனுக்கு என்று முடிக்காதீர்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் ஒப்புக்கொண்டார், தன் மகன்கள் இருவரைப் பிணையாக அனுப்பினார். பாராமகால் கும்பினியிடம் போனது அப்போதுதான். ஆனால் மைசூர் அரசு இருந்தது, இன்னும் ஏழு ஆண்டுகள் அவர் ஆண்டார். நிலம், பொருள், பிணை ஆகிய மூன்றும் தோற்றவன் உயிரோடிருக்கக் கொடுக்கும் விலைகள். நான்காவதாகத் திறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தோற்ற இனத்தை அழிப்பதைவிடத் திறை வாங்குவது வென்றவனுக்கு இலாபமாக இருக்கும்படி எண்களை வைத்தால், கணினியே அழிக்காமல் விடும். நீங்கள் கருணை என்று தனியாக எதையும் எழுத வேண்டாம்.

அதியமான்களின் கதையைவிட இதற்கு நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் தகடூரை இழந்தான். உங்கள் நிரலில் அந்தக் கணமே அதியர் என்ற இனம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, நினைவகம் விடுவிக்கப்பட்டிருக்கும். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்குப்பின், மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், விடுகாதழகிய பெருமாள் என்ற சிற்றரசன் அதியர் மரபைச் சொல்லிக்கொண்டு தகடூரை ஆளுகிறான். திருமலைக் கல்வெட்டு அவனைப் பேசுகிறது. தோற்ற குலம் அடங்கியிருந்து, பெரியவன் தளரும்போது மீண்டும் பெயர் எடுக்கிறது. ஆகவே இனம், அரசு, குலம் ஆகிய மூன்றையும் மூன்று வெவ்வேறு தரவுகளாகப் பிரியுங்கள். அரசு அழியலாம், குலம் திறை செலுத்தும் சிற்றரசாக, மறைந்து வாழும் குடும்பமாக, வேற்றூரில் அடைக்கலம் புகுந்தவர்களாகத் தொடரட்டும். பேரரசின் பிடி ஓர் அளவுக்குக் கீழே தளர்ந்தால் அவை எழும்ப ஒரு வாய்ப்பு வையுங்கள். உங்கள் வயதுக்காரர்கள் கைபேசியில் ஆடும் வேர்ல்டுபாக்ஸில்கூட, விசுவாசம் குறைந்த ஊர்கள் பிரிந்து புது அரசு அமைப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த விளையாட்டை இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடிவதற்குக் காரணங்களில் அதுவும் ஒன்று.

பெரியவன் தளர வேண்டும் என்றேன். அதற்கு வாரிசுச் சிக்கலைப்போல் இயல்பான கருவி வேறில்லை. குரூசேடர் கிங்ஸ் 3 என்ற விளையாட்டில் பெரும்பாலான அரசுகள் தொடக்கத்தில் பாகப்பிரிவினை முறையில் இருப்பதால், தந்தை ஆயுள் முழுவதும் சேர்த்ததை மகன்கள் பங்கு போட்டுக்கொண்டு, மறுநாளே பங்காளிச் சண்டையைத் தொடங்குகிறார்கள். உங்கள் அரக்கர்களுக்கு மூப்பில்லை என்றால் அவர்களுக்கு இந்த விலையும் இல்லை. அவர்களைச் சாகச் சொல்ல வேண்டியதில்லை, சாகாமையே அவர்கள் சிறப்பு என்றால் இருக்கட்டும். ஆனால் தலைவன் சாகாத இனத்தில் இளையவனுக்கு ஒருநாளும் முறை வராது. ஆகவே தலைவன் ஆண்ட ஒவ்வொரு பத்தாண்டுக்கும் உட்கலகத்தின் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகட்டும். மனிதப் பேரரசு அடிக்கடி சிறிதாகப் பிளக்கும். அரக்கப் பேரரசு 150 ஆண்டு அசையாமல் நின்று ஒரே இரவில் துண்டாகும். இரண்டும் பிளவுதான், ஆனால் இரண்டின் கதையும் வேறு.

போரே படையைத் தேய்க்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவனுடைய ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பட்டு, காவலுள்ள மாளிகையில் இருப்பதையும், அஞ்சியுடையவை பகைவரைக் குத்தி முனை முரிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் சொல்வது புறநானூற்றின் 95ஆம் பாடல். இகழ்வதுபோல் புகழ்கிற அந்த நயம் ஒருபுறம் இருக்க, விளையாட்டு எழுதுபவனுக்கு அதில் இரண்டு மாறிகள் கிடைக்கின்றன: ஆயுதத்தின் நிலை, வீரனின் பழக்கம். அமைதியில் முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும், போரில் நேர்மாறு. தொடர்ந்து வெல்பவனுக்குப் பழுத்த வீரர்களும் முரிந்த வேல்களும் மிஞ்சும். இரும்பு எடுக்கும் மலை யாருடையதோ அவனிடம் அவன் போய் நிற்க வேண்டிவரும்.

இனி அளவீடு. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓர் உலகத்தை ஓட்டிப்பார்த்து, பரவாயில்லை என்று முடிவு செய்கிறீர்கள். குறைந்தது 200 சீட் எண்களைக் குறித்துவைத்து, எப்போதும் அதே 200ஐ, படம் வரையாமல், இரவில் ஓடவிடுங்கள். ஒவ்வோர் உலகத்திலும் ஒவ்வோர் இனத்தின் பங்கைச் சதுரமாக்கிக் கூட்டி, ஒன்றை அந்தக் கூட்டலால் வகுத்தால், உண்மையில் எத்தனை இனங்கள் உயிரோடிருக்கின்றன என்பதற்கு ஓர் எண் கிடைக்கும். சூழலியலில் உயிரினங்களுக்கும் அரசியலில் கட்சிகளுக்கும் பயன்படுத்தும் அதே கணக்கு. பங்குகள் 40, 30, 20, 10 சதவீதம் என்றால் 3.3 வரும், 97 சதவீதத்தை ஒருவரே வைத்திருந்தால் 1.06 வரும். இந்த எண் உலகத்துக்கு உலகம் 1.2, 2.8, 3.5 என்று பரந்து கிடக்க வேண்டும். கூடவே யார் முதலிடம் என்பதையும், அவர் எந்த ஆண்டிலிருந்து முதலிடத்தை விடவே இல்லை என்பதையும் குறியுங்கள். 60ஆம் ஆண்டிலேயே முடிவாகிவிட்ட உலகத்தில் மீதி 240 ஆண்டுகள் வெறும் ஒப்புக்கு ஓடுகின்றன.

இதில் நானே ஒரு மழைக்காலம் முழுவதும் ஏமாந்த ஓர் இடம் உண்டு. நிலம் உருவாக்குவதற்கும், பிறப்புக்கும், போருக்கும் ஒரே ரேண்டம் எண் வரிசையைப் பயன்படுத்தியிருந்தேன். போரில் ஒரு சிறு விதியைச் சேர்த்தால், அது கூடுதலாக ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். அதன்பின் வரிசை முழுவதும் ஒன்று தள்ளிப்போய், மழை மாறி, பிறப்பு மாறி, வேறு உலகமே வந்துவிடும். விதி மாறியதால் வந்த விளைவா, உலகமே மாறியதால் வந்த விளைவா என்று பிரிக்க முடியாமல் ஹோசூரில் ஷிஃப்ட் முடித்துவந்த இரவுகளெல்லாம் வீணாயின. உலகச் சீட் எண்ணோடு நிலம், மழை, பிறப்பு, போர், வாரிசு என்ற பெயர்களை ஒவ்வொன்றாகக் கலந்து ஐந்து தனி வரிசைகள் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

தொடக்க இடம் பற்றிச் சுருக்கமாக: ஒவ்வோர் இனத்தின் தலைநகரைச் சுற்றிப் பத்துக் கட்டங்களுக்குள் அந்த இனத்துக்குப் பயன்படும் நிலத்தின் மதிப்பைக் கூட்டுங்கள், மிகப் பெரிய கூட்டல் மிகச் சிறியதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் இடத்தை மாற்றுங்கள். சமமாக்க வேண்டாம், வரம்புக்குள் வைத்தால் போதும்.

கடைசியாக, 40 சதவீதம் குறைத்தபோது மனிதர்கள் விழுங்கியதற்கு உங்கள் கோப்பிலேயே இன்னொரு காரணம் இருக்கிறது. மனிதர்களுக்கு மட்டும், பிடித்த ஊரின் மக்கள்தொகை முழுவதையும் அந்த ஆண்டே தம் மக்கள்தொகையில் சேர்க்கும் விதி எழுதியிருக்கிறீர்கள். நேற்றுவரை எதிர்த்துப் போரிட்ட ஊர் இன்று அவர்களுக்கே படை தருகிறது. பிடித்த ஊரின் மக்களைத் தனி எண்ணாக வைத்து, ஆண்டுக்கு 4 சதவீதம் வீதம் 25 ஆண்டுகளில் சேரும்படி மாற்றுங்கள். அதுவரை அந்த ஊரைக் காக்க மனிதர்களின் படையில் ஒரு பங்கு அங்கேயே நிற்கட்டும். அரக்கரின் வலிமையைப் பழைய அளவுக்கே திருப்பிவிட்டு, இதையும் முன்வரிசை அகலத்தையும் மட்டும் சேர்த்து அந்த 200 உலகங்களை ஓட்டிப் பாருங்கள். பொதிமாடும் கேழ்வரகும் அதற்கு அடுத்த வாரம் வரட்டும்.